புகையிலை 'மானியம்': கவுண்டிப் பட்டியலில் இருப்பது எந்தப் பணம்?

அமெரிக்காவில் எந்தக் கவுண்டிக்கு (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) எவ்வளவு விவசாய மானியம் போயிருக்கிறது என்பதை என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற தன்னார்வ அமைப்பு பல ஆண்டுகளாகப் பட்டியலிட்டு வருகிறது. கென்டக்கியிலோ வட கரோலினாவிலோ ஒரு கிராமப்புறக் கவுண்டியைத் திறந்தால் மக்காச்சோளம், சோயா, கோதுமை வரிசையில் 'புகையிலை' என்றும் ஒரு தலைப்பு இருக்கும். 2005 தொடங்கிப் பத்தாண்டுகள் அந்தத் தலைப்பில் பணம் ஓடியிருக்கிறது. புகைபிடித்தால் புற்றுநோய் வரும் என்று ஒரு துறை பாக்கெட்டில் அச்சிட வைக்கிறது. இன்னொரு துறை புகையிலை போட்டவருக்குக் காசோலை அனுப்புகிறது. இது என்ன கூத்து என்ற கேள்வி எழுவது இயல்பு.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி புகையிலை பயிரிடுவதற்காகத் தரப்பட்டதல்ல. அது ஒரு பர்மிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டதற்கான விலை. கொடுத்தது அரசு, ஆனால் அது வரிப்பணமும் அல்ல. இன்னொன்றும் உண்டு: அதில் பெரிய பங்கு போய்ச் சேர்ந்தது வயலில் இறங்கியவருக்கு அல்ல. இதெல்லாம் புரிய வேண்டுமானால் 'கோட்டா' என்ற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும்.

கோட்டா என்றால் என்ன?

பஸ் ரூட் பர்மிட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸுக்கு ஒரு விலை, பர்மிட்டுக்குத் தனி விலை. புதிதாக யாருக்கும் கிடைக்காது என்ற நிலை வந்துவிட்டால், காகிதமான பர்மிட் இரும்பான பஸ்ஸைவிட மதிப்புள்ளதாகிவிடும். அமெரிக்கப் புகையிலையில் 1938 முதல் 2004 வரை நடந்தது இதுதான்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலையை வாங்குவோர் கிட்டத்தட்ட ஒரே கம்பெனி: ஜேம்ஸ் டியூக்கின் அமெரிக்கன் டொபாக்கோ. அது வைத்ததே விலை. மேற்கு கென்டக்கி விவசாயிகள் சங்கமாகத் திரண்டார்கள். சங்கத்துக்குக் கட்டுப்படாதவர்களையும் கம்பெனியின் கிடங்குகளையும் 'இரவுச் சவாரிக்காரர்கள்' தாக்கினார்கள். 1906-இல் பிரின்ஸ்டனிலும் 1907-இல் ஹாப்கின்ஸ்வில்லிலும் கிடங்குகள் கொளுத்தப்பட்டன. 1911-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கம்பெனியைத் துண்டாக்கியது. ஆனாலும் விற்பவர் பல்லாயிரம், வாங்குபவர் விரல்விட்டு எண்ணுமளவு என்ற நிலை மாறவில்லை. பெருமந்தத்தில் விலை சரிந்தபோது ரூஸ்வெல்ட் அரசு கையிலெடுத்த அடிப்படைப் பயிர்களில் புகையிலையும் ஒன்று. 1933 சட்டத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்ய, 1938-இல் வந்த சட்டம்தான் நிலைத்தது. அதன் ஏற்பாடு சுருக்கமாக இது:

1. ஒவ்வோர் ஆண்டும் நாடு முழுவதும் எவ்வளவு புகையிலை விற்கலாம் என்று வேளாண் துறை வரம்பு வைக்கும். விவசாயிகள் வாக்களித்து ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும்.

2. முன்பு யார் நிலத்தில் எவ்வளவு விளைந்ததோ அதை வைத்து அந்த வரம்பு பங்கு பிரிக்கப்படும். உங்கள் பங்குதான் உங்கள் கோட்டா. முதலில் அது ஏக்கர் கணக்கில் இருந்தது. விவசாயிகள் அதே ஏக்கரில் உரத்தைக் கொட்டி விளைச்சலைப் பெருக்கவே, கென்டக்கியின் பர்லி வகைக்கு 1971-இல் எடைக் கணக்கு வந்தது. (இந்தக் கட்டுரையில் பவுண்டு என்றால் எடை, ஏறத்தாழ 454 கிராம்.)

3. கோட்டாவுக்குள் விளைந்த இலைக்கு ஆதரவு விலை உண்டு.

4. கோட்டா ஆளோடு ஒட்டியதல்ல, நிலத்தோடு ஒட்டியது. நிலம் பிள்ளைக்குப் போனால் கோட்டாவும் போகும். பல காலம் அதைக் கவுண்டி எல்லைக்கு வெளியே குத்தகைக்கு விட முடியாது என்ற கட்டுப்பாடும் இருந்தது. புகையிலைப் பணத்தைக் கவுண்டி கவுண்டியாகப் பார்ப்பதற்கு அர்த்தம் இருப்பது இதனால்தான்.

ஆதரவு விலை ஏலத்தில் எப்படி வேலை செய்தது?

பர்லி புகையிலையைப் 'பதின்மூன்று மாதப் பயிர்' என்று கென்டக்கியில் கேலியாகச் சொல்வார்கள். இந்த ஆண்டு இலையை விற்று முடிப்பதற்குள் அடுத்த ஆண்டின் நாற்றங்கால் வேலை வந்துவிடும். மே மாதம் நடவு. ஆகஸ்ட், செப்டம்பரில் செடியை அடியோடு வெட்டி, தண்டைக் கூர்முனையில் குத்தி ஒரு குச்சிக்கு ஐந்தாறு செடியாகக் கோர்ப்பார்கள். அந்தக் குச்சிகளை உயரமான மரக்கொட்டகையின் பரண்களில் அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு, காற்றிலேயே வாரக்கணக்கில் பாடம் செய்வார்கள். குளிர்காலத்தில் இலையைத் தண்டிலிருந்து உருவி, தரம் பிரித்து, ஏலக் கிடங்குக்குக் கொண்டுபோவார்கள். ஏக்கருக்கு 150 முதல் 200 மணி நேர உழைப்பு.

கிடங்கின் தரையில் குவியல்கள் வரிசையாக இருக்கும். அரசுத் தர ஆய்வாளர் ஒவ்வொரு குவியலிலும் தரச்சீட்டு வைப்பார். தரத்துக்குத் தக்க ஆதரவு விலை. ஏலக்காரர் ராகம் போட்டபடி நடக்க, கம்பெனி ஆட்கள் கண்ணசைவிலும் விரலசைவிலும் விலை கேட்டுக்கொண்டே பின்னால் வருவார்கள். ஆதரவு விலையைத் தாண்டி யாரும் கேட்காத குவியலை விவசாயிகளின் கூட்டுறவு எடுத்துக்கொள்ளும். அரசின் கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷனிடம் கடன் வாங்கி விவசாயிக்கு அன்றே ஆதரவு விலையைக் கொடுத்துவிடும். பிறகு இலையை உலர்த்திக் கிடங்கில் போட்டு, விலை வரும்போது விற்றுக் கடனை அடைக்கும்.

அடைக்க முடியாமல் நட்டம் வந்தால்? 1982 வரை அது அரசின் தலையில் விடிந்தது. அந்த ஆண்டு வந்த 'நிகரச் செலவில்லா' சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் விவசாயியிடமே கட்டணம் பிடித்து நட்டத்தை ஈடுகட்ட வேண்டும். சில ஆண்டுகளில் வாங்கும் கம்பெனிகளும் அதில் பங்கு கட்ட வேண்டியதாயிற்று. ஆக, 'மானியம்' என்று உலகமே பேசிக்கொண்டிருந்த 1980, 1990-களில் இந்தத் திட்டத்தில் நிர்வாகச் செலவு தவிர வரிப்பணம் பெரிதாக இல்லை. செயற்கையாக உயர்த்திய விலையை இலை வாங்குபவர்தான் சுமந்தார்.

திட்டம் ஏன் சரிந்தது?

விலை உயர்ந்து நின்றதே அதற்கு எதிரியானது. பிரேசிலிலும் மலாவியிலும் மலிவாக இலை கிடைக்கும்போது அமெரிக்கக் கம்பெனிகள் அங்கே போயின. 1980-களின் நடுவிலிருந்து கோட்டாவைக் கணக்கிட்ட சூத்திரம் இன்னும் மோசம் செய்தது. சிகரெட் கம்பெனிகள் வாங்க உத்தேசித்த அளவு, கடந்த மூன்றாண்டு ஏற்றுமதிச் சராசரி, இருப்புக்கான சரிக்கட்டல் ஆகிய மூன்றின் கூட்டல்தான் கோட்டா. கம்பெனி 'இந்த ஆண்டு குறைவாக வாங்குகிறோம்' என்றால் கோட்டா தானாகக் குறையும்.

புகையால் வந்த மருத்துவச் செலவு வழக்குகளை முடிக்க 1998 நவம்பரில் 46 மாநிலங்களோடு சிகரெட் கம்பெனிகள் செய்துகொண்ட மாபெரும் உடன்பாட்டின்படி, 25 ஆண்டுகளில் 20,600 கோடி டாலர் கட்ட வேண்டும். சிகரெட் விலை ஏறியது, விற்பனை இறங்கியது. பர்லி கோட்டா 1998-க்கும் 2000-க்கும் இடையில் பாதிக்கும் கீழே போனது. தாத்தா வைத்துவிட்டுப் போன பர்மிட் இரண்டே ஆண்டில் பாதியாய்த் தேய்ந்தது.

விவசாயிகளைச் சமாதானப்படுத்தக் கம்பெனிகள் தனியாக 515 கோடி டாலருக்கு 12 ஆண்டு அறக்கட்டளை ஒன்றை 1999-இல் வைத்தன. 'இரண்டாம் கட்டப் பணம்' என்று விவசாயிகள் சொன்னது இதைத்தான். அரசுப் பட்டியலில் வராத இந்தப் பணத்தையும் அதில் வருகிற பணத்தையும் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

கோட்டா சுருங்கச் சுருங்கக் குத்தகை ஏறியது. சொந்தக் கோட்டா போதாதவர் பக்கத்துத் தோட்டக்காரரின் கோட்டாவை ஆண்டுக் குத்தகைக்கு எடுப்பார். சில ஆண்டுகளில் அந்தக் குத்தகை மட்டுமே பவுண்டுக்கு 50 சென்ட்டைத் தாண்டியது. இலைக்குக் கிடைத்ததோ 2 டாலருக்குச் சற்றுக் கீழே. அதாவது நாலில் ஒரு பங்கு, நாற்றைக் கண்ணால் பார்க்காதவருக்குப் போனது. 2002 விவசாயக் கணக்கெடுப்பில் புகையிலைப் பண்ணைகள் ஏறத்தாழ 57,000. கோட்டா உரிமையாளர்களோ 4 லட்சத்துக்கு மேல். கணவர் காலமானபின் நிலத்தை வைத்திருந்த மூதாட்டிகள், நகரத்துக்குப் போய்விட்ட வாரிசுகள் என்று பலரும் அதில் அடக்கம்.

2004: பர்மிட்டைத் திரும்ப வாங்கிய சட்டம்

2004 அக்டோபர் 22 அன்று ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்ட வரிவிதிப்புச் சட்டம் ஒன்றுக்குள் புகையிலைப் பகுதி செருகப்பட்டிருந்தது. புகையிலையை உணவு, மருந்து நிர்வாகத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தால்தான் விவசாயிகளுக்குப் பணம் என்று செனட் பேரம் பேசியது. கடைசியில் கட்டுப்பாடு கழன்றுகொண்டது, பணம் மட்டும் நின்றது. அந்தக் கட்டுப்பாடு தனிச் சட்டமாக வர 2009 ஆயிற்று. 2004 சட்டம் சொன்னவை:

1. கோட்டாவும் ஆதரவு விலையும் 2004 பயிரோடு முடிந்தன. இனி யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் பயிரிடலாம். விலைக்கு யாரும் பொறுப்பில்லை.

2. கோட்டா உரிமையாளருக்கு, 2002-ஆம் ஆண்டுக் கோட்டாவின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 7 டாலர்.

3. பயிரிட்டவருக்குப் பவுண்டுக்கு 3 டாலர் வரை. 2002, 2003, 2004 மூன்று ஆண்டும் பயிரின் நட்டத்தில் பங்கேற்றிருந்தால் முழுத்தொகை. ஓர் ஆண்டு மட்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு. கூலிக்கு வேலை செய்தவருக்கு ஒன்றுமில்லை, வாரத்துக்குப் பயிரிட்டவருக்கு அவர் பங்கு உண்டு.

4. இரண்டு தொகையும் 2005 முதல் 2014 வரை பத்துச் சம தவணைகளில் வரும். பதிவு செய்வதும் பட்டுவாடாவும் வேளாண் துறையின் கவுண்டி அலுவலகங்கள் வழியாக.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு விவசாயிக்குச் சொந்தக் கோட்டா 3,000 பவுண்டு. எட்டுப் பேரிடம் 17,000 பவுண்டு குத்தகைக்கு எடுத்து, மூன்று ஆண்டும் 20,000 பவுண்டு விளைவித்தார். பர்லியில் இது பத்து ஏக்கர் போல.

உரிமையாளராக அவருக்கு 21,000 டாலர். பயிரிட்டவராக 60,000. மொத்தம் 81,000, ஆண்டுக்கு 8,100.

குத்தகைக்கு விட்ட எட்டுப் பேருக்கும் சேர்த்து 1,19,000 டாலர்.

பத்து ஏக்கரில் ஆண்டுக்கு 1,500, 2,000 மணி நேரம் உழைத்த குடும்பத்துக்கு வந்ததைவிட, கையெழுத்து மட்டும் போட்டவர்களுக்கு வந்தது அதிகம். நாடு முழுவதும் இதே கதைதான்: மொத்தம் 960 கோடி டாலரில் ஏறத்தாழ 670 கோடி உரிமையாளர்களுக்கு, 290 கோடி பயிரிட்டவர்களுக்கு. இதைக் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. அரசு உருவாக்கிய ஒரு சொத்தை அரசே அழிக்கும்போது சொத்துக்காரருக்கு விலை கொடுப்பது முறைதான். ஆனால் 'விவசாயிகளைக் காப்பாற்றிய திட்டம்' என்று அரசியல்வாதிகள் மேடையில் சொன்னதற்கும் இந்தக் கணக்குக்கும் வெகுதூரம்.

வரித்துறை இதை எப்படிப் பார்த்தது என்பது இன்னும் தெளிவான சாட்சி. உரிமையாளருக்கு வந்த 7 டாலரைச் சொத்து விற்ற பணமாகவும், பயிரிட்டவருக்கு வந்த 3 டாலரைச் சாதாரண வருமானமாகவும் அது வகைப்படுத்தியது. மானியம் என்று பட்டியல் சொல்வதை விற்பனை என்று வரிப் படிவம் சொன்னது.

பணம் யாருடையது?

சிகரெட், சுருட்டு, மெல்லும் புகையிலை தயாரிப்பவர்களிடமும் இறக்குமதி செய்பவர்களிடமும் சந்தைப் பங்குக்கு ஏற்ப மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் வசூலிக்கப்பட்டது. நூற்றுக்கு 95-க்கு மேல் சிகரெட் கம்பெனிகள் கட்டின. கூட்டுறவுகளின் கையிருப்பு இலையைத் தீர்க்கும் செலவையும் சேர்த்து மொத்த உச்சவரம்பு 1,014 கோடி டாலர். அப்போது அமெரிக்காவில் ஆண்டுக்கு 1,900 கோடி பாக்கெட் அளவில் சிகரெட் விற்றது. ஆண்டுக்கு 100 கோடி டாலர் என்றால் பாக்கெட்டுக்குச் சுமார் 5 சென்ட். கம்பெனிகள் அதைக் கைப்பணத்திலிருந்து கட்டியிருக்கும் என்று நம்பத் தேவையில்லை. கடையில் பாக்கெட் வாங்கியவரே கட்டினார். ஆனாலும் பணம் கருவூலத்தில் உள்ள நிதியம் ஒன்றின் வழியாக வந்து, வேளாண் துறையின் கையால் போனதால் அரசுக் கொடைப் பட்டியலில் ஏறிவிட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. பத்து ஆண்டு காத்திருக்க விரும்பாதவர், தன் ஒப்பந்தத்தை ஒரு நிதி நிறுவனத்துக்கு மாற்றிக்கொடுத்து மொத்தமாகப் பணம் வாங்கிக்கொள்ளலாம். 2,000 பவுண்டு கோட்டாவுக்கு 14,000 டாலர், ஆண்டுக்கு 1,400. நிறுவனம் 8 சதவீத வட்டிக் கணக்கில் கழித்தால் கையில் கிடைப்பது சுமார் 9,400. அறுபது, எழுபது வயதில் பத்தாண்டுத் தவணையை எண்ணிக் காத்திருக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அதன்பின் அரசுத் தவணை வங்கியின் பெயருக்குப் போகும். விவசாய உதவிப் பதிவேட்டில் நிதி நிறுவனங்கள் தலைகாட்டுவது இப்படித்தான். அவை நாற்று நடவில்லை.

இரண்டாம் கட்டப் பணமும் இதோடு நின்றது. 2004-க்கான தவணையையும் கொடுக்காமல் கம்பெனிகள் நழுவப் பார்க்க, வழக்கு வட கரோலினா உச்ச நீதிமன்றம் வரை போய், அந்தத் தவணையைக் கட்டித்தான் தீர வேண்டும் என்று 2005-இல் தீர்ப்பானது.

கவுண்டிக்கு என்ன ஆனது?

விலை உடனே விழுந்தது. பர்லி 2 டாலர் அருகிலிருந்து 1.55, 1.60 என்ற அளவுக்கு வந்தது. ஆனால் குத்தகைச் செலவும் அதே நாளில் ஒழிந்ததால், நிறையக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டிருந்த பெரிய விவசாயிக்கு நிகரமாகப் பெரிய அடி இல்லை. அடி விழுந்தது சொந்தக் கோட்டாவிலேயே இரண்டு, மூன்று ஏக்கர் போட்டுக்கொண்டிருந்தவருக்கு. கிறிஸ்துமஸ் செலவுக்கும் நிலவரிக்கும் ஆகிவந்த அந்தச் சிறு பயிர் அவருக்குக் கட்டுப்படியாகாமல் போனது.

நாட்டில் புகையிலைப் பண்ணைகள் 2007 கணக்கெடுப்பிலேயே 16,000 ஆயின. 2017-இல் 6,200 போல. 2022-இல் 3,000-க்கும் கீழே. ஒரு காலத்தில் தன் 120 கவுண்டிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் புகையிலை போட்ட கென்டக்கியில் 2022-இல் மிஞ்சியவை ஆயிரத்துக்கும் குறைவு. ஏலம் ஒழிந்து கம்பெனியோடு நேரடி ஒப்பந்தம் வந்தது. ஒப்பந்தம் கிடைக்காதவருக்குக் கிடங்கு வாசலும் இல்லை. கோட்டா வேலி போனதால் பர்லி பென்சில்வேனியா பக்கமெல்லாம் பரவியது. கென்டக்கியில் கருப்புச் சாயம் பூசிய கொட்டகைகள் வைக்கோல் வைக்கப் பயன்படுகின்றன, அல்லது சாய்ந்துகொண்டிருக்கின்றன.

இந்தச் சரிவைச் சமாளிப்பதில் மாநிலங்கள் ஒரே மாதிரி நடக்கவில்லை. 1998 உடன்பாட்டுப் பணத்தில் பாதியை விவசாயத்துக்கு என்று கென்டக்கி 2000-இல் சட்டமாகவே ஒதுக்கி, கவுண்டிதோறும் குழு அமைத்து, மாடு வளர்ப்பு, வேலி, காய்கறி என்று பிரித்துக் கொடுத்தது. பின்னாளில் கஞ்சாச் செடியின் உறவான ஹெம்ப் வந்தது, அதன் விலையும் 2019-இல் கவிழ்ந்தது. புகையிலைக்கு ஈடான ஏக்கர் வருமானம் தரும் பயிர் எதுவும் கிடைக்கவில்லை.

இன்று மானியம் இருக்கிறதா?

இருக்கிறது, வேறு உருவத்தில். 2004 சட்டத்துக்குப் பின் கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷனின் பணம் புகையிலைக்குப் போகக் கூடாது. ஆதரவு விலையும் இல்லை. பத்துத் தவணைகளும் முடிந்த 2014-க்குப் பின் பட்டியலில் 'புகையிலை' என்ற தலைப்பின் தொகை சுருங்குவதன் காரணம் இதுதான். கொள்ளைநோய்க் காலமான 2020-இல் நிவாரணம் கொடுக்க விரும்பியபோது வேறு நிதியிலிருந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

எஞ்சியிருப்பது பயிர்க் காப்பீடு. மற்றப் பயிர்களைப் போலவே புகையிலைக்கும் காப்பீட்டுத் தவணையின் ஒரு பகுதியை மத்திய அரசு வரிப்பணத்திலிருந்து கட்டுகிறது. புகையிலையை மட்டும் அதிலிருந்து நீக்க 2013-இல் செனட்டில் கொண்டுவந்த திருத்தம் தோற்றது. புகையிலை போடுவதற்காகவே வரிப்பணம் போகும் இடம் என்று கைநீட்டிச் சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் காப்பீட்டில் யாருக்கு எவ்வளவு உதவி போனது என்று பெயரோடு வெளியிடச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பர்மிட்டை விற்றவர்களின் பெயர்கள் கவுண்டிவாரியாக வரிசையில் நிற்க, இது மொத்தத் தொகையாக மட்டும் கண்ணில் படுகிறது.